ஒரே அறையில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு

கேமரன் மலையின் கம்போங் ராஜா, புளூ வேலி, சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்கள், காய்கறிக் கம்பங்கள் ஆகியவற்றிலிருந்து இந்த ஆண்டு பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளே,

பல்கலைக்கழக இடத்துக்கான யூ.பி.யூ. முடிவு வந்த நாளிலிருந்து உங்கள் வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த ஹாஸ்டல், பி.டி.பி.டி.என். கல்விக் கடன் எப்போது கைக்கு வரும், பெட்டி படுக்கையோடு சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவதா தாப்பா வழியாகவா என்பதெல்லாம் பேசி முடித்திருப்பீர்கள். பொறியியலுக்குப் போகிறவர், கணக்கியலுக்குப் போகிறவர், ஆசிரியர் படிப்புக்குப் போகிறவர் என்று ஆளுக்கொரு திசையில் போகிறீர்கள். ஆனால் எந்தத் துறைக்குப் போனாலும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடம் காத்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

நான் இடைநிலைப்பள்ளியில் நன்னெறிக் கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தப் பாடவேளையின் மணி உங்களுக்கு நினைவிருக்கும். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். மலாய் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்கு ஓர் அறைக்குப் போவார்கள். நீங்களும் சீன மாணவர்களும் நன்னெறிக்கு இன்னோர் அறைக்கு வருவீர்கள். கணிதம், அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் சேர்ந்து படித்தவர்கள், கடவுள், அறம், நன்மை தீமை என்ற பேச்சு வந்ததும் பிரிந்துவிடுவீர்கள். பள்ளிப் பருவம் முழுக்க அப்படித்தான். நன்னெறியிலும் என்ன படித்தீர்கள்? உங்கள் அண்ணன், அக்காமார் எஸ்.பி.எம். தேர்வுக்கு 36 நெறிகளை அவற்றின் வரையறையோடு, ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்தார்கள். உங்கள் காலத்தில் அது 18 ஆகக் குறைந்தது. அவற்றில் முதல் நெறி இறை நம்பிக்கை. ஆனால் எந்த இறைவன், யார் எப்படி நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையிலிருந்து அறம் எப்படிப் பிறக்கிறது என்று கேட்க அந்தப் பாடவேளையில் இடம் இருந்ததில்லை.

பல்கலைக்கழகத்தில்தான் அந்தச் சுவர் முதன்முறை விலகுகிறது. 1990களின் பிற்பகுதியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் தித்தாஸ் என்ற பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். இஸ்லாமிய நாகரிகமும் ஆசிய நாகரிகங்களும் என்பது அதன் பொருள். 2013ல் தனியார் உயர்கல்விக் கூடங்களுக்கும் அது போனது. அப்போது எதிர்ப்பும் எழுந்தது. 2019ல் அதை மாற்றி, அறத்தையும் நாகரிகங்களையும் உணர்ந்து போற்றுவது என்ற பொருளில் பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான் என்ற பாடத்தைக் கொண்டுவந்தார்கள். கூடவே தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும் என்ற இன்னொரு பாடமும் வந்தது. நீங்கள் அமரப் போவது இந்த வகுப்புகளில்தான். மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா சரவாக் மாணவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று பேசப் போகும் முதல் வகுப்பு அது.

அதை வீணாக்கிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சீனியர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "அது சும்மா பாஸ் பண்ற பேப்பர், போன வருஷக் கேள்வியைப் பார்த்துக்க" என்பார்கள். கேட்காதீர்கள்.

2016 ஜூனில் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. அப்போது நீங்கள் தமிழ்ப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தித்தாஸ் பாடத்துக்குப் பயன்பட்ட ஸ்லைடுகள் வெளியே வந்தன. இந்துக்கள் உடல் அழுக்கை சமய நெறியாகக் கருதுகிறார்கள் என்ற பொருளில் அவற்றில் எழுதியிருந்தது. சீக்கிய சமயத்தைப் பற்றியும் தவறான செய்திகள் இருந்தன. நாடே கொந்தளித்தது. அப்போது கல்வித் துணையமைச்சராக இருந்த பி. கமலநாதன் தலையிட்டார், பல்கலைக்கழகம் பிழையை ஒப்புக்கொண்டது. கோபப்பட்டது சரிதான். அந்தக் கோபம் இல்லாமல் போயிருந்தால் அந்த ஸ்லைடுகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்லைடுகள் வகுப்பில் காட்டப்பட்டபோது நம் பிள்ளைகளும் அங்கே இருந்திருப்பார்கள். எழுந்து நின்று, "சார், இது தவறு, தூய்மையைப் பற்றி எங்கள் மரபு சொல்வது இது, தோட்டக் கோவிலுக்குள் நுழையும் முன் என் பாட்டி செய்வது இது" என்று நல்ல மலாய் மொழியில் ஐந்து நிமிடம் பேசக்கூடியவர்கள் அவர்களில் எத்தனை பேர்? நமக்குப் பக்தி இருக்கிறது. காவடி எடுக்கிறோம், தீ மிதிக்கிறோம், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோம். ஏன் என்று பிறத்தியார் கேட்டால் "அம்மா செய்வாங்க, நானும் செய்றேன்" என்பதோடு நின்றுவிடுகிறோம். வீட்டில் அந்தப் பதில் போதும். பல்கலைக்கழகத்தில் போதாது.

சமயங்களைப் படிப்பது என்றால் சாமி கும்பிடுவதன் நீட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். அது வேறு வேலை. நினியன் ஸ்மார்ட் என்று ஓர் ஆய்வாளர் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து இலங்கைக்கு வந்தவர். அங்கேதான் பௌத்தத்தை நேரில் பார்த்தார். பிறகு 1967ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்விக்கென்று தனித்துறை தொடங்கினார். பாதிரியாரை உருவாக்குவது அந்தத் துறையின் நோக்கமாக இருக்கவில்லை. எந்தச் சமயத்தவரும் எந்தச் சமயத்தையும் கற்கலாம். ஒரு சமயத்தை ஏழு பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும் என்றார் அவர்: சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, அறம், சமூக அமைப்பு, கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பொருள்கள்.

நம் தோட்டங்களின் எல்லையில் நிற்கும் முனியாண்டியை இந்த ஏழு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள். மரத்தடியில் ஒரு கல், சூலம், அதன் முனையில் செருகிய எலுமிச்சம்பழம், அரிவாள், பற்றவைத்த சுருட்டு, ஒரு பாட்டில். இவை பொருள்கள். ஆண்டுக்கு ஒரு பூசை, கோழி, கிடா: இது சடங்கு. ஊரிலிருந்து கப்பல் ஏறும்போது பிடிமண் எடுத்து வந்து வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வது கதை. அருள் வந்து ஆடுகிறவர் சொல்லும் வாக்கும், அதைக் கேட்டு அழும் தாயின் மனமும் அனுபவம். கோட்பாட்டுக்கு நூல் கிடையாது. ஆனால் முனி எல்லை காப்பார், இரவில் வேட்டைக்குப் போவார், வாக்குத் தவறினால் விடமாட்டார் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். திருட்டுப் போனால் முனியாண்டி முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். போலீசுக்குப் பயப்படாதவனும் அதற்குப் பயப்படுவான். அது அறம். யாருக்கு முதல் மரியாதை, கங்காணி குடும்பம் எங்கே நிற்கும், யாரைப் பூசாரியாக ஏற்பார்கள், எந்தக் குடும்பத்தை ஒரு காலத்தில் ஓரமாக நிற்க வைத்தார்கள் என்பதெல்லாம் சமூக அமைப்பு. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க நமக்குத் தைரியம் வேண்டும். மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு பற்றி ரா. இராஜகிருஷ்ணன் 1984லேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதிவிட்டார். அதை உங்களில் ஒருவராவது நூலகத்தில் எடுத்துப் படிக்க வேண்டும்.

முனீஸ்வரரைப் பற்றியே ஒரு முழு ஆய்வு நூல் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் வினீதா சின்ஹா 2005ல் வெளியிட்டது. சுருட்டும் சாராயமும் படைக்கப்பட்ட எல்லைச் சாமி, நகரத்துக் கோவிலுக்குள் வரும்போது எப்படியெல்லாம் மாறுகிறார் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் 1997ல் எழுதினார். தோட்டங்கள் கைமாறும்போது இடிபடும் கோவில்களையும் அந்த மக்களின் மன வேதனையையும் ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014ல் எழுதினார். ஆஸ்திரேலியரான கார்ல் வடிவேல்லா பெல் மலேசியத் தைப்பூசத்தைப் பற்றி 2017ல் எழுதினார். இவர்கள் எங்கிருந்தோ வந்து, நம் திருவிழாவில் நம்மோடு நடந்து, நம் ஆட்களிடம் கேட்டு எழுதியவர்கள். நான் அவர்களை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் கேமரன் மலையில் கொழுந்து கிள்ளியவர் வீட்டுப் பிள்ளையின் பெயர் ஒன்று சேர வேண்டாமா?

நம் முனியாண்டியோடு நிற்கவும் வேண்டாம். கம்போங் ராஜாவில் பிறந்த உங்களுக்கு உலக சமயங்களைப் பார்க்கப் பாஸ்போர்ட் தேவையில்லை. காய்கறித் தோட்டங்களின் ஓரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய சிறு மாடங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர் டத்தோ கோங். பல மாடங்களில் அவருக்குச் சொங்கோ தொப்பி இருக்கும், வழிபடுகிறவர்கள் சீனர்கள். வெற்றிலையும் சாம்பிராணிப் புகையும் வைப்பார்கள். பன்றி இறைச்சி மட்டும் வைக்கமாட்டார்கள். அந்த மண்ணின் காவலர் முஸ்லிம் என்று நம்புவதால் அந்த மரியாதை. ஒரு சமயத்தார் இன்னொரு சமயத்தின் விலக்கைத் தம் வழிபாட்டுக்குள்ளேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நீங்கள் படிக்கவில்லை; பள்ளி பஸ்ஸிலிருந்து தினமும் பார்த்தீர்கள். பிளாஸ்டிக் கூடாரங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்து இளைஞர்கள் வெள்ளிக்கிழமை குளித்து உடை மாற்றிப் பள்ளிவாசலுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களோடு வேலை செய்யும் நேபாளத்துக்காரர்கள் பலர் நம்மைப் போலவே துர்க்கையைக் கும்பிடுகிறவர்கள். அவர்களுடைய தசாயின் நாட்களும் நம் நவராத்திரியும் ஒன்றாகவே வருகின்றன. இத்தனை ஆண்டுகளில் அவர்களை நம் கோவில் நவராத்திரிக்கு எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறோம்?

இந்த மலை நமக்கு முன்பே பூர்வகுடிகளான செமாய் மக்களின் மலை. வடக்கே லோஜிங் தாண்டி தெமியார் மக்கள் இருக்கிறார்கள். "அவங்களுக்கு மதமே கிடையாது" என்று நம் ஆட்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஜெஃப்ரி பெஞ்சமின் என்ற ஆய்வாளர் 1964ல் தெமியார் மக்களிடையே போய்த் தங்கினார். அவர்களுடைய சமயத்தைப் பற்றி அவர் அரை நூற்றாண்டு காலம் தொடர்ந்து எழுதியவை 2014ல் பெரும் நூலாக வந்தன. மரினா ரோஸ்மன் 1991ல் அவர்களுடைய பாட்டையும் வைத்தியத்தையும் பற்றி எழுதினார். மலை, மரம், பூ, விலங்கு இவற்றின் ஆவி கனவில் வந்து ஒருவருக்குப் பாட்டைக் கொடுக்கும். அந்தப் பாட்டைச் சேவாங் என்ற இரவுக் கூத்தில் எல்லோரும் திரும்பப் பாட, நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும். நம் கோவில்களில் அருள்வாக்கு கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மதமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்வதற்கும், நம்மை அழுக்கானவர்கள் என்று எழுதிய ஸ்லைடுக்கும் அதிக தூரமில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த படிப்பு என்று நினைக்காதீர்கள். மணிமேகலையில் 30 காதைகள். அவற்றில் 27ஆவது, வஞ்சி நகரில் மணிமேகலை வேடம் மாற்றிக்கொண்டு ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்பது. சைவர், வைணவர், வேதவாதி, ஆசீவகர், சமணர், சாங்கியர், வைசேடிகர், கடவுளே இல்லை என்கிற பூதவாதி எல்லோரையும் அவள் கேட்கிறாள். நூல் பௌத்த நூல், சாத்தனார் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் மற்றவர்களைப் பேசவிட்டு, அவரவர் சொல்வதை முதலில் வாங்கிக்கொண்ட பிறகுதான் தன் வழியை அவள் தேர்கிறாள்.

அந்த நூலை 1898ல் நமக்குப் பதிப்பித்துக் கொடுத்த உ.வே.சாமிநாதையரின் கதையை இன்னும் நெருக்கமாகச் சொல்ல வேண்டும். அவர் சைவச் சூழலில், திருவாவடுதுறை ஆதீனத்தில் படித்து வளர்ந்தவர். 1880ல் கும்பகோணம் கல்லூரிக்கு வேலைக்கு வந்த புதிதில், சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அது சமண நூல். சைவர்கள் அதை மதித்ததில்லை. ஏட்டைப் பிரித்தால் சொல்லுக்குச் சொல் பொருள் தெரிகிறது. ஆனால் சமணக் கொள்கை தெரியாததால் உள்ளே நுழைய முடியவில்லை. அவர் அகராதியோடு நின்றுவிடவில்லை. கும்பகோணத்திலேயே இருந்த ஒரு சமணர் வீட்டுக்கு நடந்து போனார். வாசலில் கோலமும் தோரணமும் இருக்கக் கண்டு, இன்று என்ன விசேஷம் என்று விசாரித்தார். சிந்தாமணி பாராயணம் முடிந்த நாள் என்று பதில் வந்தது. தமிழ் கற்றோர் கைவிட்ட நூல் என்று அவர் நினைத்திருந்தது, அடுத்த தெருவில் ஒரு குடும்பத்தின் வழிபாடாக இருந்தது. அந்த மக்களிடம் போய்ப் போய்க் கேட்டுத் தெளிந்துதான் 1887ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். மணிமேகலைக்காக மறுபடியும் மாணவரானார். பேராசிரியர் ரங்காசாரியாரிடம் பௌத்தம் கேட்டுக் கற்று, புத்தரின் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் சங்கத்தையும் தமிழ் வாசகருக்கு விளக்கி எழுதிப் பதிப்போடு சேர்த்தார். நெற்றியில் திருநீற்றோடுதான் இத்தனையும் செய்தார். பிற சமயத்தைப் படித்தால் தன் சமயம் போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இவரைச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலேயே தனிநாயகம் அடிகள் இருந்தார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். ரோமாபுரியில் இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து சங்க இலக்கியம் படித்தவர். 1961லிருந்து 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை நடத்தினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அந்தத் துறைக்கு 1950களில் ஆதரவு திரட்டத் தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதி தொடங்கியபோது ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் கூலித் தொழிலாளர்கள் பலர். பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல் அடுக்கு முன்னால் நிற்கும்போது அது உங்கள் தாத்தா பாட்டன் காசும் கலந்தது என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் மலாய் நண்பருக்கும் இப்படி ஒரு முன்னோர் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல் பிரூனி என்ற முஸ்லிம் அறிஞர் சமஸ்கிருதம் கற்று, இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் சொல்கிறபடியே அரபியில் எழுதி வைத்தார். வாதாட வரவில்லை, உள்ளதைச் சொல்ல வந்தேன் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட நிலை. நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் சமய ஒப்பாய்வு பெரும்பாலும் இஸ்லாமியக் கல்வித் துறைகளுக்குள்ளேயே நடக்கிறது. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரோடு ஒரு துறையே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1995ல் இஸ்லாமும் கன்பூசியமும் பற்றிக் கருத்தரங்கு நடத்தி, அடுத்த ஆண்டே நாகரிகங்களுக்கிடையே உரையாடலுக்கென ஒரு மையம் அமைத்தார்கள். அந்தப் பக்கம் பேச ஆள் இருக்கிறது. இந்தப் பக்கம் நாம் ஆட்களை உருவாக்க வேண்டும்.

அறத்தைப் பற்றியும் ஒரு சொல். அறம் என்றால் நல்லதைப் பட்டியல் போடுவது என்று நன்னெறிப் பாடம் உங்களைப் பழக்கியிருக்கும். பல்கலைக்கழகத்தில் அது சிக்கலான கேள்விகளில் இருக்கிறது. முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் தனித்தனி அதிகாரமாக வைத்த வள்ளுவர் நம்மவர். கோவிலில் உயிர்ப்பலி வேண்டாம் என்று பல ஆண்டுகளாகப் பேசும் சீர்திருத்தக்காரர்களும் நம்மவர். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதற்கு நேர்ந்துகொண்ட கிடாவைக் கொடுக்காமல் விடக்கூடாது என்று நிற்கும் அந்தத் தாயும் நம்மவள். ஆட்டை வெட்டுவது காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிவிட்டு இரவு மட்டன் வறுவல் சாப்பிடுகிறவர் எதன் அடிப்படையில் பேசுகிறார்? ஹரி ராயா ஹாஜியில் குர்பான் கொடுக்கும் நண்பர் தன் செயலை எப்படி விளக்குகிறார்? இறைச்சியை மூன்றாகப் பங்கிட்டு ஏழைகளுக்கும் கொடுப்பது அந்தக் கணக்கில் என்ன மாற்றம் செய்கிறது? முதலில் உள்ளபடி சொல்லுங்கள், செய்கிறவரிடம் கேளுங்கள், எதிர்க்கருத்தை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு கடைசியில் வரட்டும். என் சொந்தத் தீர்ப்பு பலி வேண்டாம் என்பதுதான். ஆனால் அந்தத் தாயின் பக்கம் உட்கார்ந்து கேட்காத எவருக்கும் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை இல்லை என்றும் நினைக்கிறேன்.

நம் மலையையே எடுத்துக்கொள்ளலாம். 2013 அக்டோபர் 23 அன்று அதிகாலை, கனமழைக்குப் பிறகு சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளை அடித்துக்கொண்டு போனது; உயிர்கள் போயின. மலைச் சரிவுகளை வெட்டி வெட்டி அணையில் மண் சேர்ந்ததைப் பற்றி அன்று எல்லோரும் பேசினார்கள். மண்ணைப் பூமாதேவி என்று கும்பிடும் நாமும், மனிதன் இறைவனின் கலீஃபா, பூமியைக் காக்கும் பொறுப்புள்ளவன் என்று ஓதும் முஸ்லிமும், அவரவர் வேதம் இந்தச் சரிவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதுண்டா? உங்கள் வகுப்பில் அதைப் பேசலாம்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். அரசியலமைப்பின் 3ஆம் விதி இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்றும் அதே விதி சொல்கிறது. 11ஆம் விதி சமய உரிமையைத் தருகிறது. அதன் 4ஆம் பிரிவு முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆகவே வகுப்பில் உங்கள் சமயத்தை விளக்குங்கள். யாரையும் இழுக்கப் பேசாதீர்கள். விளக்குவதும் அழைப்பதும் வெவ்வேறு என்பதை அந்த அறையில் தெளிவாக வைத்துக்கொண்டால் எந்த விரிவுரையாளரோடும் பேசலாம். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. சிம்பாங் பூலாய் வழியாக மலை இறங்கினால் ஈப்போதான். சமயமும் சட்டமும் தொலைவில் நடக்கும் விஷயம் என்று நாம் இருந்துவிட முடியாது.

"இதெல்லாம் சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி, கடன் வாங்கி அனுப்புகிறவர் கேட்கத்தான் செய்வார். எல்லோரும் சமயவியலையே முழுப் படிப்பாக எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயப் பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள். விருப்பப் பாடம் எடுக்க வாய்ப்பிருந்தால் தத்துவமோ சமயமோ மானிடவியலோ ஒன்று எடுங்கள் என்கிறேன். இதோடு மருத்துவராகப் போகிறவருக்கு நோயாளியின் நோன்பும் விரதமும் புரியும். வழக்கறிஞராகப் போகிறவருக்கு மேலே சொன்ன வழக்கு புரியும். ஆசிரியராகப் போகிறவர் நன்னெறிப் பாடத்தை என் தலைமுறையைவிட நன்றாகக் கற்பிக்கலாம். உங்களில் ஓரிருவர் முதுகலை, முனைவர் பட்டம் என்று இதே வழியில் போனால் நான் மிகவும் மகிழ்வேன்.

முதல் பருவத்திலேயே இடுபணிக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இணையத்தில் கிடைப்பதை வெட்டி ஒட்டாதீர்கள். உங்கள் தோட்டக் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். யார் கட்டியது, எந்த ஊர்ப் பிடிமண், எந்தத் துரை நிலம் கொடுத்தார், பூசை எப்போது மாறியது, பலி எப்போது நின்றது, தோட்டம் கைமாறியபோது கோவில் என்ன ஆனது என்று கேட்டு எழுதுங்கள். கோவிலின் பழைய ரசீதுப் புத்தகம், திருவிழா நோட்டீஸ், கல்வெட்டுப் பலகை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒரு மலாய் நண்பரையும் ஒரு சீன நண்பரையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் ஊர்த் தொழுகைக் கூடமான சுராவையும் டத்தோ கோங் மாடத்தையும் அதே கேள்விகளோடு எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதி கோவில் தலைவரிடம், ஒரு பிரதி நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொடுங்கள். விடுமுறைக்கு வரும்போது சொல்லுங்கள். பழைய கங்காணி வீட்டாரையும் பூசாரிகளையும் பேட்டி எடுக்க நானே உங்களோடு வருகிறேன். எண்பது வயதைத் தாண்டியவர்கள் சிலரே மிச்சமிருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஆண்டே கேட்டாக வேண்டும்.